தொங்கும் காகித அலங்காரங்கள்: நூலிலிருந்து தொடங்கினால் எளிது

பண்டிகைக்கு முந்தைய மாலையில் காகிதமும் கத்தரிக்கோலுமாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவதிலோ ஒட்டுவதிலோ தோற்பதில்லை, தொங்கவிடும்போதுதான் தோற்கிறார்கள். பார்த்துப் பார்த்து மடித்த பூ ஒருபக்கமாகச் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் முதன்முதலில் செய்த வளையச் சங்கிலி, பசை காயும் முன்பே கட்டியதால், நள்ளிரவில் சத்தமில்லாமல் நடுவில் அறுந்து தரைக்கு வந்துவிட்டது. எனவே இக்கட்டுரையில் எந்த வடிவத்தைச் சொன்னாலும், அதன் நூல் எங்கே போகிறது என்பதையும் உடன் சொல்லியிருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

தாளைத் தொடுவதற்கு முன், அலங்காரம் தொங்கப்போகும் இடத்தின் கீழே நின்று மேலே பாருங்கள். மேசைமேல் வைத்துச் செய்யும்போது நாம் ஒரு பொருளின் முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். தொங்கும் பொருளையோ கீழிருந்தும் பின்னாலிருந்தும் எல்லோரும் பார்ப்பார்கள். ஒருபக்கம் மட்டும் நிறமுள்ள தாளை அறையின் நடுவில் தொங்கவிட்டால் பாதி நேரம் அதன் வெள்ளை முதுகுதான் தெரியும். அத்தகைய தாளைச் சுவரோரத்துக்கு வைத்துக்கொண்டு, நடுவில் தொங்குபவற்றுக்கு இருபக்கமும் நிறமேறிய தாளைப் பயன்படுத்துவது நல்லது.

மின்விசிறியின் இறக்கை சுற்றும் வட்டத்துக்குள்ளும், காற்றில் ஆடி அந்த வட்டத்தை எட்டக்கூடிய தூரத்திலும் எதையும் கட்டக் கூடாது. சூடாகும் விளக்கு, மெழுகுவர்த்தி, அடுப்பு ஆகியவற்றுக்கு அருகிலும் மேலேயும் காகிதம் வேண்டவே வேண்டாம். கூரையில் புகை உணரும் கருவியோ தீயணைக்கும் நீர்த்தெளிப்பானோ இருந்தால் அதை மறைக்கவோ அதில் கட்டவோ கூடாது. இந்த இடங்களைக் கழித்த பிறகு மிஞ்சும் கூரைப்பரப்பைப் பார்த்துத்தான் என்ன செய்வது, எத்தனை செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

தாளும் கருவிகளும்

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற தாள், அச்சுப்பொறியில் போடும் சாதாரண ஏ4 தாளின் வண்ண வகைதான் என்பது என் கருத்து. மினுமினுக்கும் தாள்கள் மடிப்பில் வெளிறிவிடும். பசையும் அவற்றில் சரியாகப் பிடிக்காது. ஏ4 தாளின் அளவு 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. உறையில் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால், அந்தத் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது என்று பொருள். பதினாறு ஏ4 தாள்களைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் ஆகும் என்பதால் ஒரு தாளின் எடை 5 கிராம். கீழே வரும் உருண்டை 5 கிராம் அளவிலும் நட்சத்திரம் 10 கிராம் அளவிலும் நிற்கும். ஆணியோ கொக்கியோ அடிக்கத் தேவையில்லை, மெல்லிய மாஸ்கிங் டேப்பே போதும் என்று துணிந்து சொல்ல முடிவது இந்தக் கணக்கினால்தான்.

டிஷ்யூ தாளும் கிரேப் தாளும் பார்வைக்கு மென்மையாக இருந்தாலும் முதல் முயற்சிக்கு உகந்தவை அல்ல. ஈரக்கை பட்டாலே பல கிரேப் தாள்களின் சாயம் விரலிலும் சுவரிலும் இறங்கும். சார்ட் தாள் தடிமனானது. அதை மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொண்டால் மடிப்பு நேராக விழும். தாளுக்கு இழையோட்டம் என்று ஒன்று உண்டு. தாளை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை அகலவாக்கிலும் மடியாமல் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மற்றதில் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் திசையில் போடும் மடிப்புதான் பிசிறில்லாமல் வரும். 80 ஜிஎஸ்எம் தாளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, சார்ட் தாளில் நன்றாகவே தெரியும்.

கூர்மையான கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில், ஸ்டேப்ளர், செலோடேப், மாஸ்கிங் டேப், ஊசி, தடித்த பருத்தி நூல், சில ஜெம் கிளிப்புகள், ஒட்டுவதற்கு கிளூ ஸ்டிக் ஆகியவை இருந்தால் போதும். நீர் கலந்த பசை தாளை நனைத்து நெளியச் செய்துவிடும் என்பதால் குச்சியாக வரும் பசையையே பரிந்துரைக்கிறேன். மடிப்பை நகத்தால் தேய்ப்பதைவிட ஒரு கரண்டியின் முதுகால் தேய்ப்பது நல்லது. இருபது மடிப்புக்குப் பிறகு நகம் அதைச் சொல்லும்.

வளையச் சங்கிலி

ஏ4 தாளின் நீளப்பக்கத்தில் 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, 21 செ.மீ. நீளமுள்ள ஒன்பது பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை வளைத்து, முனைகள் 1.5 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் ஏறக்குறைய 6 செ.மீ. விட்டமுள்ள வளையம் கிடைக்கும். அடுத்த பட்டையை அந்த வளையத்துக்குள் நுழைத்து அதையும் ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தைப் பத்து எண்ணும்வரை விரலிடுக்கில் அழுத்திப் பிடியுங்கள். இவ்வளவுதான் வேலை, ஆனால் சங்கிலி அறுவது எப்போதும் இந்தப் பத்து எண்ணாமல் விட்ட வளையத்தில்தான். ஸ்டேப்ளர் ஊசி போட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் கூர்முனை வளையத்தின் வெளிப்பக்கம் வரும்படி போடுங்கள், இல்லையென்றால் ஒரு வளையம் மற்றொன்றைக் கீறும்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கிடுவதில் பலரும் தேவைக்கு மேல் செய்துவிடுகிறார்கள். 3 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சங்கிலி 40 செ.மீ. தொய்ந்து தொங்க வேண்டுமென்றால், நேர்க்கோட்டைவிட 14 செ.மீ. மட்டுமே கூடுதலாகத் தேவை. ஆகவே 6 செ.மீ. வளையங்கள் 52 போதும். ஆறு தாள்களில் 54 பட்டைகள் கிடைத்துவிடும். இந்தத் தொய்வு அழகுக்காக மட்டுமல்ல. ஆறு தாள்களின் எடை 30 கிராம்; 40 செ.மீ. தொய்வில் அது இரு முனைகளையும் உள்நோக்கி இழுப்பது சுமார் 28 கிராம் எடையளவுக்கு. அதே சங்கிலியை 10 செ.மீ. தொய்வுக்கு இறுக்கிக் கட்டினால் இழுப்பு 112 கிராம் அளவுக்கு ஏறிவிடும். இறுக்கிக் கட்டிய சங்கிலி டேப்போடு பெயர்ந்து வருவதற்குக் காரணம் இதுவே. முனை வளையத்தில் நேரடியாக டேப் ஒட்டாமல், அதில் ஒரு நூல்துண்டைக் கட்டி, அந்த நூலை மேலே பொருத்துங்கள்.

வட்டங்களால் ஆன உருண்டை

ஏதாவது ஒரு குவளையின் வாயைக் கவிழ்த்து வைத்து 8 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள் வரைந்தால் ஒரு தாளில் ஆறு பிடிக்கும். இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வெட்டிப்போகும் ஓரங்களில் ஸ்டேப்ளர் போட்டுவிட்டால் நழுவாமல் பன்னிரண்டு வட்டங்களையும் ஒரே முறையில் வெட்டலாம். வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையக் கூடாது; மற்றக் கை தாளைச் சுழற்றிக் கொடுக்க வேண்டும். கத்தரியைச் சுழற்றி வெட்டிய வட்டத்தில் மூலைகள் இருக்கும். தாளைச் சுழற்றி வெட்டியதில் இருக்காது.

ஒவ்வொரு வட்டத்தையும் சரிபாதியாக மடித்து, ஒரே பக்கம் மடிப்பு வரும்படி அடுக்குங்கள். இப்போது முதல் அரைவட்டத்தின் மேற்பக்கம் முழுவதும் பசை தடவி, இரண்டாவதை ஓரம் பிசகாமல் அதன்மேல் வையுங்கள். இரண்டாவதன் மேல் மூன்றாவது, இப்படியே பன்னிரண்டும். முடிவில் கையில் தடித்த அரைவட்டப் புத்தகம் ஒன்று இருக்கும். அதன் முதுகில்தான் நூல் போக வேண்டும். 60 செ.மீ. நூலின் ஒரு முனையில் சிறு அட்டைத்துண்டைக் கட்டி, அட்டை கீழே தங்கும்படி நூலை முதுகு நெடுக வைத்து, இரண்டு இடங்களில் செலோடேப்பால் பிடிக்கச் செய்யுங்கள். பிறகு புத்தகத்தைப் பின்னோக்கி விரித்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒட்டினால் உருண்டை மலரும். நூல் நடு அச்சிலேயே போவதால் அது எந்தப் பக்கமும் சாயாது.

வட்டங்கள் ஆறுக்குக் குறைந்தால் உருண்டை எலும்பும் தோலுமாகத் தெரியும். பதினாறுக்கு மேல் போனால் இதழ்களுக்கு இடையே நிழல் விழ இடமில்லாமல் மொத்தையாகிவிடும். பன்னிரண்டு என்பது நான் பலமுறை செய்து பார்த்து நின்ற எண். கடைசி ஒட்டுக்கு மட்டும் பசைக்குப் பதிலாக மேலும் கீழும் ஒவ்வொரு ஜெம் கிளிப் செருகினால், பண்டிகை முடிந்ததும் கழற்றி மீண்டும் தட்டையாக மடித்து வைக்கலாம்.

விசிறி வட்டம்

இதில் தோல்வி பெரும்பாலும் கணக்கிலேயே தொடங்குகிறது. தாளை விசிறிபோல் மாற்றி மாற்றி மடித்து, நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் விரித்தால் முழு வட்டம் வரும் என்று எண்ணி ஒரே ஒரு ஏ4 தாளில் தொடங்குபவர்கள், கடைசியில் ஒரு பக்கம் வாய் மூடாமல் நிற்பதைக் காண்பார்கள். மடிப்புகள் 21 செ.மீ. நீளமாக விழும்படி மடித்தால் வட்டத்தின் ஆரம் 10.5 செ.மீ.; அதன் சுற்றளவு 66 செ.மீ. நடுவில் கட்டிய ஒரு தாள் இருபுறமும் சேர்த்து 59.4 செ.மீ.தான் தரும், அதுவும் மடிப்பே இல்லாமல் நீவிவிட்டால். இரண்டு தாள்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 119 செ.மீ. ஆகிறது, சுற்றளவைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று அதிகம் என்பதால் மடிப்புகள் எடுப்பாக நிற்கும். எந்த அளவில் செய்தாலும் சுற்றளவுக்கு ஒன்றரை மடங்காவது தாள் இருக்கட்டும்.

மடிப்பை ஒரு ஓரத்திலிருந்து கண்ணளவாகத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் பதினாறாவது மடிப்பில் அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். 29.7 செ.மீ. பக்கத்தை முதலில் பாதியாக மடித்துப் பிரியுங்கள்; பிறகு இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து நான்காக்குங்கள்; அதே முறையில் எட்டு, பதினாறு. 1.86 செ.மீ. அகலமுள்ள பதினாறு பட்டைகளுக்கான கோடுகள் தாளில் விழுந்திருக்கும். இனி அந்தக் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் திருப்பி மடித்தால் விசிறி தயார்.

மடித்த கட்டின் நடுவே நூலால் இறுக்கிக் கட்டி, இரு முனைகளையும் சாய்வாகவோ வளைவாகவோ நறுக்குங்கள். விரிந்த பிறகு அது இதழ் விளிம்பாகத் தெரியும். கட்டை நடுவில் மடக்கி, அருகருகே வரும் இரு ஓரங்களை ஒட்டினால் அரைவட்டம். இன்னொரு தாளிலும் அப்படியே செய்து இரண்டையும் இணைத்தால் முழுவட்டம். நடுவில் தெரியும் முடிச்சை மறைக்க 4 செ.மீ. வட்டங்கள் இரண்டு வெட்டி, முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். பின்வட்டத்தை மறந்துவிடாதீர்கள், அறையில் பாதிப்பேர் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான். நூலுக்கான துளையை இரண்டு தாள்கள் ஒட்டிய இணைப்பில், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே போடுங்கள். இரட்டைத் தாளான அந்த இடம் எளிதில் கிழியாது.

ஆறு கைகளுள்ள நட்சத்திரம்

பார்ப்பவர்களை நின்று நிமிர்ந்து பார்க்க வைப்பது இதுதான்; முதலில் கைக்கு அடங்காததும் இதுதான். மூன்று ஏ4 தாள்களைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஆறு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் குட்டைப்பக்கத்தை நீளப்பக்கத்தின்மேல் படியுமாறு மூலைவாக்கில் மடித்து, எஞ்சிய பட்டையை வெட்டி நீக்கினால் 14.8 செ.மீ. சதுரம். அது ஏற்கெனவே முக்கோணமாக மடிந்திருக்கிறது. அந்த முக்கோணத்தை இன்னொரு முறை பாதியாக்குங்கள். கையிலுள்ள சிறு முக்கோணத்துக்கு இரண்டு பக்கம் மடிப்புகளும், நீளமான ஒரு பக்கம் திறந்த ஓரங்களும் இருக்கும்.

திறந்த ஓரத்துக்கு இணையாக 1.8 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள் வரையுங்கள். ஒரு மடிப்புப்பக்கத்தில் தொடங்கி அந்தக் கோடுகளின்மேல் வெட்டிச் சென்று, எதிர் மடிப்புக்கு அரை சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் போனால் சதுரம் நான்காக உதிரும். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நின்று பேசாமல் இருப்பது நல்லது.

பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரங்கள் தெரியும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் சிறு சதுரத்தின் வெட்டுப்பட்ட இரு முனைகளையும் வளைத்துக் குழாய்போல் ஒன்றின்மேல் ஒன்று வைத்து செலோடேப் போடுங்கள். தாளைப் புரட்டி, அடுத்த சதுரத்தின் முனைகளை இந்தப் பக்கம் வளைத்து இணையுங்கள். மீண்டும் புரட்டி மூன்றாவது, மீண்டும் புரட்டி நான்காவது. முடிந்ததும் தாள் முறுக்கிய இலைபோல் நிற்கும். ஆறு துண்டுகளிலும் முதல் வளைவை ஒரே பக்கத்தில் தொடங்கினால்தான் கைகள் எல்லாம் ஒரே திசையில் முறுக்கியிருக்கும்.

மூன்று இலைகளின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரு ஸ்டேப்ளர் ஊசி. மற்ற மூன்றுக்கும் ஒன்று. பிறகு இரண்டு தொகுப்பையும் நடுவில் இணைக்க ஒன்று. அக்கம்பக்கத்து இலைகளின் பக்கவாட்டு வளைவுகள் உரசும் ஆறு இடங்களிலும் ஊசி போட்டால் நட்சத்திரம் விறைப்பாகும். ஏறக்குறைய 40 செ.மீ. அகலம் வரும் இதன் ஒரு கையின் நுனியில் இருபக்கமும் டேப் ஒட்டி, டேப்பின்மேல் ஊசியால் துளையிட்டு நூலைக் கோத்துவிடுங்கள். டேப் இல்லாமல் இட்ட துளை ஓரிரு நாளில் நூலால் அறுபட்டுவிடும்.

குழந்தைகளோடு செய்ய இதைவிட எளிய ஒன்று வேண்டுமானால், 18 செ.மீ. வட்டத்தில் 2 செ.மீ. அகலமாகச் சுருள்கோடு வரைந்து விளிம்பிலிருந்து நடுவரை வெட்டுங்கள். நடுப்புள்ளியில் நூல் கோத்துத் தூக்கினால் சுருள் இறங்கும், மேலெழும் மெல்லிய காற்றுக்கே சுழலும்.

தொங்கவிடுதல்

நூல் வகை முக்கியம். முறுக்கிய பருத்தி நூலில் தொங்கும் பொருள் அந்த முறுக்கு பிரியும்வரை தானாகச் சுற்றும், அது அழகுதான். அசையாமல் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு துளைகளிலிருந்து இரண்டு நூல்களைத் தனித்தனிப் புள்ளிகளில் கட்ட வேண்டும். தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வழுக்கும். சாதாரண முடிச்சுக்கு மேல் இன்னும் இரண்டு முடிச்சுகள் போட்டுக்கொள்ளுங்கள்.

கூரையில் நூலை வைத்து நேராக அதன்மேல் டேப் ஒட்டினால், நூல் டேப்புக்கு அடியிலிருந்து மெல்ல நழுவி வெளியே வந்துவிடும். நூலின் மேல்முனையில் ஒரு ஜெம் கிளிப்பைக் கட்டி, அந்தக் கிளிப்பின்மேல் 6 செ.மீ. மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், நழுவ வழியில்லை. ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், ஏனென்றால் கூரையின் தூசிதான் டேப்பின் முதல் எதிரி. புதிதாக வண்ணம் பூசிய கூரையாக இருந்தால், மறைவான ஒரு மூலையில் ஒட்டி உரித்துப் பார்த்த பின்பே தொடருங்கள். நாற்காலியின் மேல் நாற்காலி போட்டு ஏறாமல், உறுதியான ஏணியில், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறுங்கள்.

பல பொருள்களைத் தொங்கவிடுவதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கூரையில் டேப் ஒட்டுவதைவிட, சுவருக்குச் சுவர் ஒரு தாய்க்கயிறு கட்டி அதிலிருந்து எல்லாவற்றையும் இறக்குவது எளிது. சங்கிலிக்குச் சொன்ன தொய்வுக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஜெம் கிளிப்பை இழுத்து விரித்தால் இருபக்கமும் வளைந்த கொக்கியாகும். பொருளை அதில் மாட்டிவிட்டால் இடம் மாற்றுவதற்கு முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை. முதலில் தேவைக்கு மேல் நீளமான நூலில் தற்காலிகமாக மாட்டி, அறை வாசலில் நின்று பார்த்து, பிறகு உயரங்களைத் திருத்துங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் கடை வரிசைபோல் தோன்றும். 15 முதல் 20 செ.மீ. வரை ஏற்ற இறக்கம் வைத்தால் கண்ணுக்குப் பழகும். நடமாடும் வழியில் தொங்குபவை, வீட்டிலேயே உயரமானவர் கை உயர்த்தினாலும் தொடாத உயரத்தில் இருக்கட்டும். கைக்குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலும், எட்டிப் பிடிக்கும் உயரத்திலும் நூல் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து விசிறி வட்டம் தளர்ந்து தொய்ந்தால் உங்கள் மடிப்பைக் குறை சொல்லாதீர்கள். தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மழைக்காலத்தில் செய்வதாக இருந்தால் 80 ஜிஎஸ்எம் தாளைவிடச் சற்றுத் தடித்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கி வைத்தல்

டேப்பைக் கீழ்நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். அதன் ஒரு முனையைப் பிடித்து, கூரையை ஒட்டியே பின்னோக்கி மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். பிடிவாதமாக இருந்தால் முடி உலர்த்தும் கருவியால் சில நொடிகள் சூடேற்றினால் பசை இளகும். சங்கிலியைச் சுருட்டாமல், வளையங்களைத் தட்டையாக்கி முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். கிளிப் செருகிய உருண்டையைக் கிளிப்பைக் கழற்றித் தட்டையாக்கலாம். நட்சத்திரம் மட்டும் எந்த உறைக்குள்ளும் அடங்காது. அதை அலமாரிக்குள் ஒரு கொக்கியில் அப்படியே மாட்டிவிடுவதே வழி. ஒவ்வொரு பொருளின் நூலையும், ஓரத்தில் பிளவு வெட்டிய சிறு அட்டையில் சுற்றி அந்தப் பிளவில் செருகிவிட்டால் அடுத்த முறை சிக்கெடுக்க உட்கார வேண்டியிருக்காது.